மேலாளர் வெளியே போனதும் எது நிற்கும்? பணியாளர்களை இயக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

நிர்வாகவியல் பாடத்தில் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணியமர்த்தல் எல்லாம் முடிந்தபின் வருவது இயக்குவித்தல். ஊக்கமூட்டல், தலைமை, தகவல் தொடர்பு ஆகியவைதான் அதன் முக்கியமான கூறுகள். தேர்வு எழுதுபவர்கள் ஒவ்வொன்றின் வகைகளையும் மளமளவென்று ஒப்பித்துவிடுவார்கள். எதை எங்கே பயன்படுத்துவது என்று கேட்டால்தான் திணறல். "சூழ்நிலையைப் பொறுத்தது" என்ற பதில் பொய்யில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் ஒரு வேலையும் ஆகாது. நான் ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்: கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாலோ, மேலே இருப்பவர் எழுந்து வெளியே போனாலோ, வேலை நடக்குமா?

தலைமை விஷயத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் மூவரும் பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு தலைவர் ஆணையிட்டே வேலை வாங்கினார். இன்னொருவர் கலந்து பேசி முடிவெடுத்தார். மூன்றாமவர் "உங்கள் இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொண்டார். ஆணையிட்டவர் கண்முன்னே இருந்தவரை வேலைக்குக் குறைவில்லை. அவர் வெளியே போனதும் மளுக்கென்று சரிந்தது. கலந்து பேசிய குழு, தலைவர் போன பிறகும் ஏறக்குறைய அதே வேகத்தில் செய்துகொண்டிருந்தது. ஒதுங்கி நின்றவரின் குழுவில் வேலையும் குறைவு, தரமும் குறைவு. சுதந்திரம் கொடுப்பதாக நினைத்துக் கைகழுவும் மேலாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அவர்கள் சிறுவர்கள்தான், சம்பளமும் இல்லை, வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. முடிவை அப்படியே அலுவலகத்துக்குத் தூக்கி வர முடியாது. ஆணைத் தலைமை வெல்லும் இடங்களும் உண்டு. தீப்பிடித்த கட்டடத்தில் யாரும் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். நேற்று சேர்ந்தவரிடம் "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் அது அவருக்கு மரியாதையாகத் தோன்றாது, பதற்றம்தான் வரும். நிர்வாகவியல் அறிஞர்களான பால் ஹெர்சியும் கென் பிளான்சர்டும் 1969இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் இதுதான்: புதியவருக்குத் தெளிவான கட்டளை, தேறத் தேற ஆலோசனை, கைதேர்ந்தவரிடம் முழுப் பொறுப்பு. பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கு ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொடுப்பது அவமதிப்பு.

எனக்கு ஆணையைவிட ஆகாதது இன்னொன்று உண்டு. முடிவை முன்பே எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, கூட்டம் போட்டு எல்லோரிடமும் கருத்துக் கேட்பது. இரண்டாவது கூட்டத்திலேயே ஆட்களுக்குப் புரிந்துவிடும். அதன்பின் உண்மையாகவே கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது ஊக்கம்: பணமா, வேலையின் சுவையா? அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்காணல் செய்து 1959இல் வெளியிட்ட முடிவு பலருக்கும் தெரியும். சம்பளம், மேற்பார்வை, பணிச்சூழல் ஆகியவை கெட்டால் அதிருப்தி வரும். சரியாக இருந்தால் அதிருப்தி நீங்கும், அவ்வளவுதான். உற்சாகம் வருவது சாதனை, அங்கீகாரம், பொறுப்பு இவற்றிலிருந்து. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நல்லது நடந்தால் "என் திறமை" என்றும், கெட்டது நடந்தால் "நிர்வாகம் சரியில்லை" என்றும் சொல்வது மனித இயல்பு. நேர்காணலில் கேட்டால் அப்படித்தான் பதில் வரும் என்று அப்போதே விமர்சித்தார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனை நம் அளவுகோலுக்கு இன்னும் நெருக்கம். மாணவர்களுக்கு ஒரு கட்டைப் புதிரைக் கொடுத்தார். மூன்று அமர்வுகளில் நடு அமர்வில் மட்டும் ஒரு குழுவுக்கு, தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர். பணத்தை நிறுத்தியபின், ஓய்வு நேரத்தில் அந்தக் குழுவினர் புதிரைத் தொட்ட நேரம் முன்பைவிடக் குறைந்தது. வாய்வழிப் பாராட்டு அப்படிக் கெடுக்கவில்லை. வெகுமதியால் எவ்வளவு கேடு என்று உளவியலாளர்கள் பின்னர் நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். யாருக்கும் இயல்பாகப் பிடிக்காத, எண்ணிக்கையால் அளக்கக்கூடிய வேலைக்குப் பணம் நன்றாகவே உதவும். கெடுப்பதற்கு அங்கே ஆர்வமே இல்லையே! சிக்கல் வருவது ஆர்வத்தோடு செய்துகொண்டிருந்தவருக்கு எண்ணிக்கைப்படி ஊக்கத்தொகை வைக்கும்போது. எண்ணப்படுவது மட்டும் வளரும், எண்ணப்படாத தரம் தேயும்.

இதையே சாக்காக வைத்துச் சம்பளத்தைக் குறைத்துவிட்டு "வேலையை நேசியுங்கள்" என்று உபதேசிப்பவர்களும் இருக்கிறார்கள். ஹெர்ஸ்பெர்க்கின் கோட்பாட்டிலேயே அதற்கு இடமில்லை. சம்பளம் போதாத இடத்தில் பாராட்டுப் பத்திரம் எரிச்சலைத்தான் கூட்டும்.

தகவல் தொடர்பில் போட்டி, எல்லாம் ஒருவர் வழியாகப் போவதா, எல்லோரும் எல்லோரோடும் பேசுவதா என்பது. பிரெஞ்சு நிர்வாகவியல் முன்னோடி ஆன்ரி ஃபயோல் 1916இலேயே ஆணைச் சங்கிலியை, அதாவது செய்தி மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படிப்படியாகப் போவதை, வலியுறுத்தினார். அவரே, சம நிலையில் இருக்கும் இருவர் மேலதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டு நேரடியாகப் பேசிக்கொள்ளலாம் என்று குறுக்குப் பாலமும் போட்டுக்கொடுத்தார். அந்தப் பாலத்தைப் பல நிறுவனங்கள் மறந்துவிட்டன.

1951இல் ஹரால்ட் லெவிட் என்ற ஆய்வாளர், யார் யாருக்குச் செய்தி அனுப்பலாம் என்பதை மாற்றி மாற்றி, ஐந்து பேர் கொண்ட குழுக்களை வெவ்வேறு அமைப்புகளில் உட்காரவைத்துப் பார்த்தார். எளிய வேலையில், நடுவில் ஒருவர் இருக்கும் சக்கர அமைப்பு பிழை குறைவாக முடித்தது. ஆனால் நடுவில் இருந்தவருக்கு மட்டும்தான் திருப்தி. ஓரத்தில் இருந்தவர்களுக்குச் சலிப்பு. வட்டமாக இணைந்தவர்கள் அதிகச் செய்தி அனுப்பினார்கள், அதிகம் தவறினார்கள், ஆனாலும் வேலையை ரசித்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில், சிக்கலான கணக்குகளுக்குப் பரவலான அமைப்பே மேல் என்று தெரிந்தது. நடுவில் இருப்பவர் தலைக்குமேல் வந்து குவியும் செய்தியில் மூழ்கிவிடுகிறார். அவர் விடுப்பில் போனால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆகவே வழக்கமான வேலைக்குச் சக்கரம், முடிச்சு விழுந்த வேலைக்கு வட்டம். நடைமுறையில் நான் பார்ப்பது நேர்மாறு. விடுப்புப் பட்டியலை முடிவுசெய்ய எல்லோரையும் கூப்பிட்டு ஒரு மணி நேரக் கூட்டம். இரண்டு துறைகளுக்கு இடையே விழுந்த சிக்கலுக்கோ, ஒருவர் பெயருக்குத் தனித்தனியாக வந்து சேரும் நாற்பது மின்னஞ்சல்கள்.