தைக்க முடியாத தோள் கிழிசலுக்கு மேலுறை கிராஃப்ட்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

தோளின் மேல்பக்கமுள்ள, கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாண் அறுந்து உள்ளே சுருங்கி, எம்ஆர்ஐயில் தசைக்குச் சரிபாதி கொழுப்பு தெரிந்தால், இழுத்துத் தைத்தாலும் பெரும்பாலும் நிற்காது. கையைத் தூக்கும்போது மேற்கை எலும்பின் தலையான மூட்டுப் பந்து மேலேறி, தோளின் கூரை எலும்பான அக்ரோமியனில் முட்டும். அந்த ஏற்றத்தைத் தடுக்கத்தான் கிளெனாய்டின் (தோள் குழியின்) மேல்விளிம்பிலிருந்து பந்தின் வெளிமுடிச்சு (பந்தின் வெளிப்பக்க எலும்பு மேடு) வரை, மூட்டின் மேலுறைக்குப் பதிலாகக் கிராஃப்ட் (ஒட்டுத் திசு) வைக்கிறோம். ஜப்பானின் டெருஹிசா மிஹாட்டா தொடைத் தசையைச் சுற்றியுள்ள உறையான ஃபேசியா லேட்டாவைக் கொண்டு இதைச் செய்து 2013இல் வெளியிட்ட முடிவில், 24 தோள்களில் பந்துக்கும் அக்ரோமியனுக்குமான இடைவெளி சராசரியாக 4.6 மி.மீ.யிலிருந்து 8.7 மி.மீ. ஆகியிருந்தது.

எங்கள் கணிப்பில் பாதி வெற்றி கிராஃப்டின் கனத்தில்தான் இருக்கிறது. 6 முதல் 8 மி.மீ. வேண்டும். ஃபேசியா லேட்டா ஒற்றையாக அவ்வளவு வராது. இரண்டு மூன்று மடிப்பாக்கிச் சுற்றிலும் தைக்க வேண்டும். விரலிடையில் வைத்து உருட்டிப் பாருங்கள். மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால் தையல் போதவில்லை. அதற்குப் பதிலாக வைக்கும் பதப்படுத்திய மனிதத் தோல் சுமார் 3 மி.மீ.தான். தொடையை வெட்டும் வலி இதில் இல்லை, ஆனால் தோல் நாளடைவில் நீளும்.

அளவெடுக்கும்போது கை உடம்பிலிருந்து சுமார் 30 டிகிரி விலகியிருக்கட்டும். அதிகம் தூக்கி அளந்தால் கிராஃப்ட் குட்டையாகி, கையை இறக்கியதும் தையலை அறுக்கும். ஆங்கர்களுக்கு (நூலை எலும்பில் பிடிக்கும் ஆணிகளுக்கு) இடையிலான அளவோடு உள்பக்கமும் முன்பின்னும் 5 மி.மீ., வெளிப்பக்கம் 10 மி.மீ. கூட்டி வெட்டுவது எங்கள் வழக்கம். கிளெனாய்டில் 2 அல்லது 3 ஆங்கர். சாய்வு தவறினால் ஆங்கரின் முனை குருத்தெலும்பைக் குத்தும். வெளிமுடிச்சில் இரண்டு வரிசை ஆங்கர். பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸோடு (தோளின் பின்பக்கத் தசைநாணோடு) பக்கத்தையல் போடாமல் விடவே கூடாது. முன்பக்கம் இறுக்கினால் தோள் இறுகிப்போகும்.

நூல் சிக்கல்தான் நேரத்தைத் தின்னும். கிராஃப்டை உள்ளே தள்ளுமுன் நிறவாரியாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள்.

டெல்டாய்டு (தோளை மூடியிருக்கும் பெரிய தசை) வேலை செய்யாதவர்களுக்கும் மூட்டு தேய்ந்துவிட்டவர்களுக்கும் இது பயன்படாது. தேய்ந்த மூட்டோடு வரும் முதியவருக்கு பந்தும் குழியும் இடம் மாறிய ரிவர்ஸ் மாற்று மூட்டே மேல்.

அறுவைக்குப் பின் தலையணை ஸ்லிங் (கையை விலக்கித் தாங்கும் தூளி) 4 முதல் 6 வாரம். தானாகக் கை தூக்குவது 8 வாரத்துக்குப் பிறகே. ஆறாவது வாரமே வலி குறைந்துவிடுவதால் குடத்தைத் தூக்கிவிடுகிறார்கள். கிராஃப்ட் எலும்பில் ஒட்டுமுன்பே பிய்ந்துவிடுகிறது. ஸ்லிங்கைக் கழற்றும் நாளிலேயே வீட்டாரையும் உட்கார வைத்து இதைச் சொல்லிவிடுங்கள்.