தெர்மாகோலுக்கு மாற்றாக இன்சுலேட்டட் மீன் பெட்டி: ராமேஸ்வரம்–மதுரை ஓட்டத்துக்கு ஒத்துவருமா?

மீன் ஏற்றுகிறவர்களுக்குத் தெர்மாகோல் பெட்டியைக் குறை சொல்ல மனசு வராது. நீளம் 60, அகலம் 40, உயரம் 35 சென்டிமீட்டர், சுவர் இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்தால் எடை 600 கிராம்தான். 20 கிலோ மீனும் அதே அளவு ஐஸும் கொள்ளும். சிக்கல் சந்தையில் மீனைக் கொட்டிய பிறகு ஆரம்பிக்கிறது. ஆயிரம் காலிப் பெட்டி எடைக்கு 600 கிலோ, இடத்துக்கு 84 கன மீட்டர். மீன் நாற்றமும் டேப்பும் ஒட்டிய அந்தச் சரக்கைக் காயலான் கடையில் சீந்துவதில்லை. வாடி (மீன் இறக்கும் கொட்டகை) ஓரத்தில் உடைந்து கிடப்பது கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பியதும் மணிமணியாக உதிர்ந்து வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில் இறங்கும். வாடைக் காற்றில் தென்கடல் பக்கம், மன்னார் வளைகுடாத் தீவுகளை நோக்கி. 2019-இல் தமிழக அரசு தடை செய்தது தட்டு, கப் வகையறாக்களை. 2022 ஜூலையில் மத்திய அரசு தடுத்தது அலங்காரத் தெர்மாகோலை. மீன் பெட்டி இரண்டிலும் தப்பிவிட்டது.

இதற்கு மாற்று என்று விற்பது 60 லிட்டர் இரட்டைச் சுவர் பெட்டி. வெளியும் உள்ளும் பாலிஎதிலீன், நடுவில் 4 சென்டிமீட்டர் நுரை. நுரை என்ன என்று கேட்காமல் வாங்கக் கூடாது. பாலியூரிதேன் அடைத்தது ஒரு வகை, பாலிஎதிலீன் நுரையே அடைத்தது இன்னொரு வகை. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

நிழலில் 32 டிகிரி, மூடி திறக்கவில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், சுவர் வழியாக ஏறும் சூட்டுக்கு மட்டும் 24 மணி நேரத்தில் தெர்மாகோல் பெட்டி சுமார் 12 கிலோ ஐஸைக் கரைக்கும். பாலியூரிதேன் பெட்டி 6 கிலோ, பாலிஎதிலீன் நுரைப் பெட்டி 9 கிலோவுக்குச் சற்று மேல். 30 டிகிரியில் வரும் 20 கிலோ மீனைப் பூஜ்யத்துக்கு இறக்கவே தனியாக ஆறரை கிலோ ஐஸ் போகும். அப்படியானால் ஐஸ் போட்டு அடைத்தது முதல் சந்தையில் கொட்டும்வரை பத்து மணி நேரம் என்று வைத்தால், பாலியூரிதேன் பெட்டியில் 9 கிலோ கரையும். 12 கிலோ போட்டால் போதும். வழக்கப்படி சரிக்குச் சரி 20 கிலோ போடுகிறவருக்குப் பெட்டிக்கு 8 கிலோ மிச்சம். பெட்டியின் விலையை அடைப்பதில் இந்த மிச்சத்துக்கும் பங்கு உண்டு. தெர்மாகோல் வாங்காத காசும் அதோடு சேரும். ஆனால் மத்தியான வெயிலில் தார் ரோட்டில் வைத்துவிட்டு இந்தக் கணக்கைக் கேட்கக் கூடாது.

அடுக்கும் முறை: அடியில் 5 சென்டிமீட்டர் பொடி ஐஸ், ஒரு வரிசை மீன், ஒரு வரிசை ஐஸ், மேலே மறுபடி 5 சென்டிமீட்டர். கட்டி ஐஸை அப்படியே போட்டால் மீன் உடம்பில் படாது, சூடை, சாளை போன்ற மீன்களுக்கு வயிறு வெடித்துவிடும். கரைந்த தண்ணீர் தேங்கி மீன் அதில் ஊறக் கூடாது, கணவாய்க்கு ரொம்பவும்; ஊறினால் நிறம் மங்கி விலை இறங்கும். இங்கேதான் பெட்டி செய்தவர்கள் கோட்டை விட்டிருக்கிறார்கள். வடிகால் துளையைத் திறந்து ஓட்டினால் மீன் தண்ணீர் ரோட்டில் ஒழுகும், பின்னால் வரும் பைக் வழுக்கும். மூடி ஓட்டினால் 9 லிட்டர் தண்ணீர் அடியில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் நிற்கும். ஆகவே 5 சென்டிமீட்டர் கால் வைத்த ஓட்டைத் தட்டு கட்டாயம் வேண்டும். பெட்டியோடு வரும் தட்டு 2 சென்டிமீட்டர் உயரம் என்றால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எடைதான் பெரிய குறை. காலிப் பெட்டியே 7, 8 கிலோ. நூறு பெட்டி ஏற்றினால் முக்கால் டன் மீனுக்கான இடம் பெட்டிக்கே போய்விடும். ஒன்றுக்குள் ஒன்று செருகவும் முடியாது. திரும்பி வரும்போதும் முழு லாரி வேண்டும். அதனால் அதே லாரி அதே ஏஜென்டிடம் போய்த் திரும்பும் மதுரை ஓட்டத்துக்கு இது சரி. இரண்டு கை மாறிக் கொச்சி, சென்னை என்று போகும் சரக்குக்கு வேண்டாம், பெட்டி போன இடமே தெரியாது. தினம் 20 பெட்டி அனுப்பினால் கரையில் ஒரு செட், வழியில் ஒன்று, சந்தையில் ஒன்று என்று 60, உடைசலுக்கு 10, ஆக 70 பெட்டி வேண்டும். நம்பர் போட்டு, ஏஜென்டிடம் பெட்டிக்கு முன்பணம் பிடிக்காதவர் ஒரே சீசனில் பாதியை இழப்பார்.

கழுவுவதில் வரிசை முக்கியம். முதலில் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் ஊற்றினால் ரத்தமும் வழுவழுப்பும் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்பும் பிரஷ்ஷும். அதன்பின் 10 லிட்டர் தண்ணீரில் மூன்றரை கிராம் புது பிளீச்சிங் பவுடர் கலந்து பத்து நிமிஷம் விட்டு அலச வேண்டும். பவுடர் 30 சதவீதக் குளோரின் உள்ளதாக இருந்தால் கரைசல் 100 பி.பி.எம். (லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின்) வரும், திறந்து கிடந்த மூட்டை என்றால் வராது. துறைமுகத் தண்ணீரில் கழுவுவது கழுவாததற்குச் சமம். நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊர்களில் இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் போவது வடிகால் அடைப்பானின் ரப்பர் வளையம். அடுத்தது கீல் கம்பி. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் உப்புக் காற்றில் துருப் புள்ளி விழும், 316 ரகம் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது வெளியே தெரியாத விரிசல். வாங்கிய அன்றே காலி எடையைப் பெட்டி மேல் எழுதி வையுங்கள். பிறகு ஒரு கிலோ கூடியிருந்தால் நுரை தண்ணீர் குடித்துவிட்டது, குளிர் நிற்காது. அரால்டைட் பசை பாலிஎதிலீனில் பிடிக்காது. அதே பிளாஸ்டிக் கம்பி வைத்துச் சூட்டில் வெல்டிங் செய்வது ஒன்றே வழி.

ஆயுள் முடிந்தபின் பாலியூரிதேன் பெட்டி தெர்மாகோலைவிடத் தலைவலி. அந்த நுரையை உருக்கி வார்க்க முடியாது, ஓட்டிலிருந்து பிரிக்கவும் கஷ்டம். பாலிஎதிலீன் நுரைப் பெட்டியை முழுசாக அரைத்து மறுபடி பிளாஸ்டிக் ஆக்கலாம், தண்ணீரும் குடிக்காது. மண்டபம், பாம்பனிலிருந்து ராத்திரி ஏற்றி விடியுமுன் மதுரையில் இறக்குகிறவர்களுக்கு, ஓர் இரவுக்குப் பெட்டிக்கு ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் கூடப் போனாலும், இதுவே எங்கள் தேர்வு. ஒரு நாளைத் தாண்டும் ஓட்டம் என்றால் மட்டும் பாலியூரிதேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பெட்டிகளை நன்றாகக் காயவைத்து, அடைப்பானைக் கழற்றி, மூடியைத் திறந்தே நிழலில் அடுக்க வேண்டும். மூடி வைத்தால் ரப்பர் பட்டை அமுங்கிப்போகும், உள்ளே பூஞ்சை பூத்த வாடை அடுத்த சீசன் முழுக்க விடாது.