விவிவிவிவிவி: குதிக்கத் தெரியாத கேப்டன்

பெயரைக் கேட்டால் எழுத்துப் பிழை என்றுதான் தோன்றும். ஆங்கில 'வி' ஆறு முறை, அவ்வளவுதான் இந்த வீடியோ கேமின் பெயர். கேப்டன் விரிடியன், வயலட், விக்டோரியா, விட்டலரி, வெர்மிலியன், வெர்டிகிரிஸ் என்று விண்கப்பலில் இருக்கும் ஆறு பேருக்கும் வி-யில்தான் பெயர் தொடங்குகிறது. கூரையில் தொங்கும் முள் வரிசையும் பார்க்க வி வி வி என்றே இருக்கும். அயர்லாந்துக்காரரான டெரி கவனா 2010 ஜனவரியில் விண்டோஸுக்கும் மேக்குக்கும் வெளியிட்ட பஸில் பிளாட்ஃபார்மர் இது, அதாவது தடைகளைத் தாண்டி மேடை மேடையாக நகரும் புதிர் கேம். பழைய கமடோர் 64 கம்ப்யூட்டர் படம் மாதிரி எளிமையான நிறங்கள், 320-க்கு 240 பிக்ஸல் திரை. கிராஃபிக்ஸைப் பார்த்துக் கடந்து போனவர்கள் நிறைய. ஆடிப் பார்த்தவர்கள் இன்னும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கப்பல் உடைந்து, சகாக்கள் ஐந்து பேரும் வேறொரு பரிமாணத்தில் ஆளுக்கொரு மூலையில் சிதறிப் போகிறார்கள். கேப்டன் போய் அவர்களைக் கூட்டிவர வேண்டும். கதை இதற்கு மேல் போகாது, போகவும் வேண்டாம். விஷயமெல்லாம் கன்ட்ரோலில் இருக்கிறது. இடது, வலது, புரட்டு. குதிக்கும் பட்டன் கிடையாது. புரட்டினால் ஈர்ப்பு விசை தலைகீழாகி கேப்டன் கூரைக்குப் போய் ஒட்டிக்கொள்வார், மறுபடி அழுத்தினால் தரைக்கு வருவார். காலுக்குக் கீழே ஏதாவது இருந்தால்தான் புரட்ட முடியும், நடுவானில் பட்டன் வேலை செய்யாது. குதித்துக் குதித்துப் போகும் மாரியோ மாதிரி கேம்களை ஆடிப் பழகிய விரலுக்கு முதல் அரை மணி நேரம் இதுதான் எமன். சின்னப் பள்ளத்தைக் கண்டதும் விரல் தானாகக் குதிக்கப் போகும், கேப்டன் மேலே போய் முள்ளில் உட்காருவார்.

கன்ட்ரோல் வழுக்குகிறது என்று ஒரு குறை அடிக்கடி காதில் விழும். பாதி உண்மை. பத்தாம் ஆண்டை ஒட்டி 2020 ஜனவரியில் கவனா இதன் சோர்ஸ் கோடை (கேமை இயக்கும் நிரலை) பொதுவில் வைத்துவிட்டார், அதில் கணக்கு தெளிவாகவே இருக்கிறது. நொடிக்குச் சுமார் 30 ஃபிரேம், அதாவது திரைப் படம் நொடிக்கு அத்தனை தடவை மாறும். கேப்டன் பக்கவாட்டில் ஃபிரேமுக்கு அதிகபட்சம் 6 பிக்ஸல் நகர்வார், மேலும் கீழும் 10 பிக்ஸல். வேகம் ஒரேயடியாக நிற்காமல் படிப்படியாகத்தான் குறையும், அதனால் விரலை எடுத்த பிறகும் ஒரு கட்டத்துக்கு மேல் சறுக்குவார். ஒரு கட்டம் என்பது 8 பிக்ஸல். முள் விளிம்பில் சாகிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் சறுக்கலில்தான் போகிறார்கள்.

ஆனால் அதே கோடில் ஒரு சலுகையும் உண்டு. திசை பட்டனை 4 ஃபிரேமோ அதற்குக் குறைவாகவோ தட்டிவிட்டு எடுத்தால் சறுக்கலே இல்லாமல் நின்ற இடத்தில் நிற்பார். நேரக் கணக்கில் நொடியில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே முள்ளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய இடத்தில் அழுத்திப் பிடிக்காதீர்கள், தட்டுங்கள். தட்டித் தட்டி நகர்ந்தால் வழுக்கல் குறை பாதி தீர்ந்துவிடும்.

புரட்டும் பட்டனுக்கும் இப்படி ஒரு ரகசியம் இருக்கிறது. தரையைத் தொடுவதற்கு 5 ஃபிரேம் முன்பே அழுத்தினாலும் கேம் அதை நினைவில் வைத்திருந்து, கால் பட்டதும் புரட்டிவிடும். சரியான கணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், கொஞ்சம் முந்தியே அழுத்தலாம். பதற்றத்தில் பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு இதே சலுகை ஆப்பு வைக்கும். தரை வந்ததும் வேண்டாத புரட்டல் நடந்து மேலே இருக்கும் முள்ளுக்கு நேராகப் போவீர்கள். அழுத்திப் பிடித்தால் ஒரு தடவைதான் புரட்டும் என்பதால், ஒரு அழுத்தம் கொடுத்துவிட்டுச் சும்மா பிடித்திருப்பது பாதுகாப்பு.

6-க்கு 10 என்ற விகிதத்தையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் ஐந்து கட்டம் விழும் நேரத்தில் மூன்று கட்டம்தான் பக்கவாட்டில் நகர முடியும். ஒரு அறையைப் பார்த்ததும் 'இங்கிருந்து விழுந்தால் அந்தப் பொந்துக்குள் நுழைய முடியுமா' என்று கண்ணாலேயே அளக்க இது போதும். முடியாது என்று தெரிந்தால் வழி வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

அறிமுகப் பகுதி முடிந்ததும் வரைபடம் திறந்துவிடும், நான்கு பகுதிகளையும் எந்த வரிசையிலும் ஆடலாம். லேபரட்டரியில் ஈர்ப்புக் கோடுகள்: மெல்லிய கோட்டைத் தொட்டதுமே தானாகப் புரட்டிவிடும். இரண்டு கோட்டுக்கு நடுவில் பந்து மாதிரி எகிறிக்கொண்டிருக்கும்போது புரட்டும் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு இடது வலதை மட்டும் பாருங்கள். இரண்டாவது ஸ்பேஸ் ஸ்டேஷனில் ஓடும் பெல்ட், நகரும் பலகை, மிதித்ததும் கரையும் தரை. டவரில் திரை தானே நகர்ந்துகொண்டிருக்கும், மேல் விளிம்பிலும் முள், கீழ் விளிம்பிலும் முள். முந்தினாலும் சாவு, பிந்தினாலும் சாவு. வார்ப் ஜோனில் திரையின் ஒரு பக்கம் வெளியே போனால் எதிர்ப் பக்கம் உள்ளே வரலாம். நான்கில் மூளைக்கு வேலை அதிகம் இங்கேதான். மேலிருந்து கீழாக முடிவில்லாமல் விழுந்துகொண்டே அறையை நிதானமாகப் பார்க்க முடிகிற இடங்களை வீணாக்காதீர்கள்.

சாவு எண்ணிக்கை முதல் ஆட்டத்திலேயே நூறுகளில் போகும். பயப்பட ஒன்றுமில்லை. அறைக்கு ஒன்று, இரண்டு அறைக்கு ஒன்று என்று செக்பாயிண்ட், அதாவது செத்தால் திரும்பத் தொடங்கும் இடம், இருக்கிறது. லைஃப் கணக்கு கிடையாது. செத்த மறுநொடி திரும்ப நிற்பீர்கள், லோடிங் இல்லை, 'கேம் ஓவர்' பலகை இல்லை. சிரித்த முகம் ஒரு கணம் அழுத முகமாக மாறுவதோடு சரி. கடினமான கேம் என்ற பெயர் இருந்தும் பலர் கோபப்படாமல் முடிப்பதற்கு இதுதான் காரணம். கதையை மட்டும் முடிக்க முதல் தடவை இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

இது பஸில் கேமா, வெறும் கைவேகமா என்பதில் ஆடியவர்கள் இரண்டு கட்சி. கதைப் பாதையை மட்டும் போனால் கைவேகம் என்பவர்கள் பக்கம்தான் நியாயம். வழி கண்ணுக்கு நேராகத் தெரியும், செய்து முடிப்பதுதான் பாடு. புதிர் இருப்பது டிரிங்கெட்டுகளில். மின்னும் பொருட்கள் 20, வரைபடம் முழுக்கச் சிதறியிருக்கின்றன, எதுவும் கட்டாயமில்லை. கண்ணெதிரே இருக்கும், போக வழி இருக்காது. பக்கத்து அறையிலிருந்து எந்த உயரத்தில், எந்தப் பக்கம் புரண்டு நுழைகிறீர்கள் என்பதுதான் பல இடங்களில் விடை. டிரிங்கெட்டுகளை விட்டுவிட்டு 'பஸில் எங்கே' என்று கேட்பது, விருந்தில் சாம்பார் வரைக்கும் சாப்பிட்டு எழுந்துபோய் பாயசம் போடவில்லை என்பது மாதிரி.

இந்த இருபதில் எல்லோரும் பேசும் ஒன்று 'டூயிங் திங்ஸ் தி ஹார்ட் வே' என்ற அறையில் இருக்கிறது. அறையில் ஒரு சின்னத் தடுப்பு, முழங்கால் உயரம்கூட இருக்காது. இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் டிரிங்கெட். வேறு எந்த கேமிலும் ஒரு குதி குதித்தால் முடிந்தது. இங்கே குதிக்க முடியாதே! புரட்டினால் மேலே கூரை இல்லை, நீண்ட குழாய் மாதிரிப் போகிறது. இரண்டு பக்கமும் முள்ளாக இருக்கும் பாதையில் ஆறு திரை மேலே விழுந்து, உச்சியில் புரட்டி, அதே ஆறு திரை கீழே விழுந்து, தடுப்பின் மறுபக்கம் இறங்க வேண்டும். நடுவில் ஒரு செக்பாயிண்ட்கூட இல்லை. வழியில் வரும் அறைகளுக்கு 'வெனி', 'விடி', 'விசி' என்று ஜூலியஸ் சீசர் சொன்னதாகச் சொல்லப்படும் வார்த்தைகள்தான் (வந்தேன், கண்டேன், வென்றேன்) பெயர். இன்னொரு அறையின் பெயர் 'உன் கசந்த கண்ணீர்... என்ன ருசி' என்று பொருள்படும். அறைகளுக்குப் பெயர் வைத்தவர் பென்னட் ஃபோடி. பிற்பாடு 'கெட்டிங் ஓவர் இட்' என்ற கேமைச் செய்து உலகத்தையே கடுப்பேற்றியவர் என்று தெரிந்தால் ஆச்சரியம் வராது.

இதை எடுக்க அதிர்ஷ்டம் வேண்டாம், மனப்பாடம் வேண்டும். ஃபிரேமுக்கு 10 பிக்ஸல் வேகத்தில் ஆறு திரையும் ஐந்து நொடியில் முடிந்துவிடும், பார்த்து முடிவெடுக்க நேரமே இருக்காது. முதலில் மேலே போகும் பாதியை மட்டும் பழகுங்கள், 'இடது, வலது, வலது' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. இறங்கும் பாதி அதே சுவர்கள்தான், வரிசை திரும்பி வரும். திரை மாறும் இடத்தில் தடுமாறிச் சாகிறவர்களே அதிகம். அடுத்த திரையின் முதல் முள் எந்தப் பக்கம் என்பதை முந்தைய திரையிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். உச்சியைத் தொட்டதும் 'அப்பாடா' என்று கவனம் விடுவது இன்னொரு வழக்கமான சாவு. ஒரே ஒரு சின்னப் படி, அதைத் தாண்ட ஆறு திரை ஏறி இறங்குவது: குதிக்கும் பட்டனைப் பிடுங்கியதால் என்ன ஆகிறது என்று கேம் முழுக்கச் சொல்வதை இந்த ஒரு அறை சொல்லிவிடுகிறது.

குறைகள் உண்டு. நடுவில் சகா ஒருவரை வழிநடத்தும் பகுதி வரும். நீங்கள் தரையில் நின்றால் அவர் பின்னால் வருவார், கூரைக்குப் போனால் நின்றுவிடுவார். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அவர் முள்ளில் பட்டாலும் பழி உங்களுக்கு, வேகமாக ஓடிக்கொண்டிருந்த கேம் திடீரென்று குழந்தையைக் கைபிடித்து ரோடு தாண்டுவது மாதிரி ஆகிவிடுகிறது. நல்ல வேளை, சீக்கிரம் முடிந்துவிடும். டவரில் பின்னணி ஓடிக்கொண்டே இருப்பது சிலருக்குத் தலைசுற்றலைக் கொடுக்கும். பளிச் பளிச்சென்று மின்னும் எஃபெக்டுகளை மெனுவில் அணைக்கலாம், முதல் வேலையாக அணைத்துவிடுங்கள்.

இசையைப் பற்றி ஒரு வார்த்தை. மாக்னஸ் போல்சன் போட்ட சிப்டியூன் (பழைய வீடியோ கேம் ஒலி மாதிரியான இசை) ஆல்பத்தின் பெயர் 'பிபிபிபிபிபி', பாட்டுப் பெயர்களும் 'பி'-யில்தான் தொடங்கும். ஒரே இடத்தில் முப்பது தடவை செத்தாலும் பாட்டு முதலிலிருந்து ஆரம்பிக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எரிச்சல் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

முடியவே இல்லை என்றால் மெனுவில் வேகத்தை 80, 60, 40 சதவீதம் வரை குறைக்கலாம், சாகாமல் ஆடவும் ஒரு வழி இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஆறு திரையை 60 சதவீதத்தில் பழகிவிட்டு முழு வேகத்துக்கு வருவது நல்ல வழி. இவற்றை இயக்கியிருக்கும்போது நேரத்தோடு போட்டி போடும் டைம் ட்ரையலும் சாகாமல் முடிக்கும் நோ டெத் மோடும் பூட்டியிருக்கும்.

எதில் ஆடுவது? கீபோர்டோ, அம்புக்குறி பட்டன் உள்ள கன்ட்ரோலரோ இருந்தால் போதும். 2014-ல் வந்த போன் பதிப்பு முழு கேம்தான், ஆனால் கண்ணாடியில் தட்டி நகர்வது விரலுக்குத் தெரியாது, டிரிங்கெட் வேட்டைக்கு அது தோது இல்லை. கம்ப்யூட்டரில் 2.3-ம் பதிப்புக்குப் பிறகு 30 ஃபிரேமுக்கு மேல் காட்டும் வசதி வந்திருக்கிறது, இயக்கிக்கொள்ளுங்கள், கண்ணுக்கு இதம். வெளியானபோது 15 டாலர் வைத்து, கொஞ்ச நாளில் 5 டாலருக்கு இறக்கினார்கள். 15-க்கு மூன்று மணி நேரக் கதை என்று அன்று முனகியவர்கள் மேல் தப்பில்லை, 5-க்கு முனக இடமில்லை. காசு போடும் முன் கை ஒத்துவருமா என்று பார்க்க வேண்டுமென்றால் 'மேக் அண்ட் பிளே' பதிப்பு இலவசம். அதில் மூலக் கதை இருக்காது, மற்றவர்கள் உருவாக்கிய லெவல்களை ஆடலாம், நீங்களும் உருவாக்கலாம்.

டிரிங்கெட் இருபதையும் எடுத்தவர்களுக்கு சூப்பர் கிராவிட்ரான் என்ற கூடுதல் ஆட்டம் திறக்கும். இரண்டு ஈர்ப்புக் கோடுகளுக்கு நடுவில் எகிறிக்கொண்டே இரண்டு பக்கமிருந்தும் பறந்து வருபவற்றிலிருந்து தப்ப வேண்டும். 5, 10, 15, 20, 30, 60 நொடி என்று படிக்குப் படி பரிசு. 15 நொடி என்பது கேட்பதற்குத்தான் கொஞ்சம். 60 நொடியை மறந்துவிட்டு ஆடினால் உடம்புக்கு நல்லது.

அதற்கும் மேலே நோ டெத் மோட். ஒரு தடவைகூடச் சாகாமல் முழுக் கதை. 'ப்ரைஸ் ஃபார் தி ரெக்லெஸ்' என்ற அறையின் டிரிங்கெட்டை வழக்கமான ஆட்டத்தில் வேண்டுமென்றே ஒரு தடவை செத்தால்தான் எடுக்க முடியும். நோ டெத் மோடில் அந்த அறையின் முட்களை அகற்றி வைத்திருக்கிறார்கள்.