நான் ஓட்டினால் மட்டும் மின்னும் சாவி விளக்கு

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் போன வாரம் கேட்டாள்: "அக்கா, உங்க கார் மாதிரியே ஒண்ணு செகண்ட்ஸ்ல வருது, 2016 மாடல். வாங்கலாமா?" பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் மணி அடித்துவிட்டது. மீதி இது.

வண்டியின் பேர் எதற்கு? சேலம் ஐந்து ரோட்டில் சிக்னலில் நின்றால் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று அதே வண்டிதான் நிற்கும். 2015இல் புதிதாக எடுத்தது, பெட்ரோல். 2019இல் எனக்கு ஏற்காட்டுக்கு மாற்றல் வந்ததிலிருந்து அஸ்தம்பட்டியில் வீடு, மலைமேல் வேலை. ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது அதே 20. ஓடோமீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் கிளட்ச் மாற்றியது ஒரே ஒரு தடவை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்தபோது, குப்பனூர் வழியில் மூச்சு வாங்காமல் ஏறியது. இன்ஜினைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

நான் புலம்புவதெல்லாம் டேஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிவப்புச் சாவிப் படத்தைப் பற்றித்தான்.

வண்டியைப் பூட்டி நிறுத்தியிருக்கும்போது அது மெதுவாக மின்னினால் ஒன்றும் இல்லை, காவல் காக்கிறது என்று அர்த்தம். சாவியைப் போட்டு ஆன் செய்ததும் ஓரிரு நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டே இருந்தால், "நீ யார், எனக்குத் தெரியாது" என்கிறது. அதற்கு மேல் எவ்வளவு திருகினாலும் செல்ஃப் எடுக்கும், வண்டி பிடிக்காது. இன்ஜினுக்குப் பெட்ரோலை விடாமல் கம்ப்யூட்டரே நிறுத்தி வைத்திருக்கும்.

2022 ஆடியில் ஒரு நாள் சாயங்காலம், பள்ளி விட்டு வந்து சாவியைத் திருப்புகிறேன், மினுக் மினுக். சாவியை உருவினேன், துடைத்தேன், மறுபடி போட்டேன். ஐந்தாவது தடவை ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அடுத்த பத்து நாள் ஒழுங்காக இருந்தது. அப்புறம் ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் காய்கறி வாங்க நிறுத்திய இடத்தில் மறுபடி அதே ஆட்டம்.

மலைமேல் மூடுபனி, எல்லாம் ஈரம், அதனால்தான் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். சாவி முனையைத் துப்பட்டாவில் சுற்றி வைப்பேன். மூன்று வருடம் அந்த மூடுபனியைத் திட்டியிருக்கிறேன், பாவம்.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனால் ஒரே பதில்தான்: "மேடம், எங்களுக்கு நல்லா ஸ்டார்ட் ஆகுதே." முதல் தடவை சாவி ரிமோட்டில் இருக்கும் பட்டன் செல்லை மாற்றினார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த செல் கதவு திறக்க மட்டும். வண்டி அடையாளம் பார்க்கும் சிப் சாவியின் தலைக்குள் தனியாக இருக்கிறது, அதற்கு செல்லே வேண்டாம். சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் வளையம் உண்டு. அது தூண்டும் மின்சாரத்தில்தான் சிப் விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. இரண்டாம் தடவை பேட்டரி வீக் என்று புது பேட்டரி போட்டார்கள். அது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். பழைய பேட்டரிக்கு நாலு வயது, வோல்டேஜ் தாழ்ந்தாலும் இந்தக் கம்ப்யூட்டர்கள் தடுமாறும். ஆனால் பேட்டரி கோளாறு என்றால் செல்ஃப் சுற்றும்போதுதான் விளக்குகள் மங்கும், டக் டக் என்று சத்தம் வரும். என் வண்டியில் செல்ஃப் கும்மென்று சுற்றும், படமோ அதற்கு முன்பே, ஆன் செய்த நொடியிலேயே மின்ன ஆரம்பித்துவிடும். இந்த வித்தியாசத்தைச் சொன்னேன். சர்வீஸ் அட்வைசர் தம்பி சிரித்துக்கொண்டே, "நீங்க சாவியைப் பாதியில விட்டுடறீங்க மேடம், கொஞ்சம் அழுத்தித் திருப்பணும்" என்றான். இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறவளிடம்.

மூன்றாம் தடவை எஸ்டிமேட் வந்தது. இம்மொபிலைசர் யூனிட் (சாவியை அடையாளம் பார்க்கும் அந்தக் கருவி), புது சாவி, கோடிங் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். "இதை மாத்தினா சரியாயிடும்னு நினைக்கிறோம்" என்றார்கள். நினைப்பதற்கு 28,000.

நடுவில் எனக்கே ஒரு சின்ன வெற்றி கிடைத்தது. என் வளையத்தில் வீட்டுக்காரர் காரின் சாவியும் தொங்கும். அதிலும் சிப் உண்டு. இரண்டு சிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வளையம் குழம்பும் என்று படித்து, அதைக் கழற்றினேன். இரண்டு வாரம் தொந்தரவே இல்லை. எல்லோரிடமும் பெருமை அடித்தேன். மூன்றாம் வாரம் மினுக் மினுக்.

அந்த நாளை மறக்கமாட்டேன். பள்ளி வாசல் சரிவில் வண்டி. போனில் வீட்டுக்காரர், "செகண்ட் கியர்ல போட்டுத் தள்ளிவிடச் சொல்லு, இறக்கத்துல பிடிச்சிக்கும்" என்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் உற்சாகமாகத் தள்ளினார்கள். பிடிக்கவில்லை. பிடிக்கவும் பிடிக்காது. பேட்டரி இறங்கிய வண்டியைத் தள்ளி எடுக்கலாம், சாவியை ஒத்துக்கொள்ளாத வண்டியை ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை தள்ளினாலும் பெட்ரோல் வராது. இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். முதல் வளைவுக்கு முன்பே அந்தக் கல் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து நிறுத்தினேன். பையன்களுக்கு அது வேடிக்கை. எனக்குக் கால் நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. இந்த யோசனையை யார் சொன்னாலும், மலைமேல் இருக்கும்போது கேட்காதீர்கள். வீட்டுக்காரரே சொன்னாலும்.

கடைசியில் அம்மாபேட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி. கடை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு தகரக் கொட்டகை. அவர் ஸ்கேனரை எடுக்கவே இல்லை. முதலில் வீட்டிலிருந்த இரண்டாவது சாவியைக் கொண்டு வரச் சொன்னார். "ரெண்டு சாவியிலயும் மின்னுச்சுன்னா சாவி மேல பழி போடக் கூடாது டீச்சர்." இரண்டு சாவியிலும் அவருக்கு ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது. போச்சு, இவரும் அதையேதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர், "நீங்க எப்பவும் எப்படி உட்காருவீங்களோ, அப்படியே உட்காருங்க" என்றார்.

மூன்று வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. நான் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கை மடிவரை தாழ்த்திக்கொண்டுதான் ஓட்டுவேன். சர்வீஸ் பையன்கள் ஏறியதும் முதல் வேலையாக சீட்டைப் பின்னால் தள்ளி, ஸ்டியரிங்கைத் தூக்கிவிடுவார்கள். நான் சீட்டை இழுத்தேன், நெம்புகோலை அழுத்தி ஸ்டியரிங்கைக் கீழே இறக்கினேன், சாவியைத் திருப்பினேன். மினுக் மினுக். தம்பி கை நீட்டி ஸ்டியரிங்கை ஓர் அங்குலம் தூக்கினார். சாவியை உருவிப் போட்டு மறுபடி ஆன் செய்தேன், எரிந்து அணைந்தது. இறக்கினோம், மினுக் மினுக். இப்படி நாலு தடவை. பக்கத்து டீக்கடைக்காரர்கூட வந்து வேடிக்கை பார்த்தார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். அந்தக் காயில் வளையத்திலிருந்து வரும் மெல்லிய ஒயரை, ரிவர்ஸ் கேமரா ஒயரோடு சேர்த்து ஒரு கறுப்பு டேக் போட்டு பிராக்கெட்டில் இறுக்கக் கட்டியிருந்தது. 2021இல் கேமரா மாட்டிய கடையின் கைவண்ணம். ஸ்டியரிங்கை இறக்கும்போதெல்லாம் ஒயர் இழுபட்டு, மேல்தோல் உரிந்து, உள்ளே செம்பு இழைகள் அறுந்து, தலைமுடி மாதிரி இரண்டே இரண்டு மிச்சம். டேக்கை நறுக்கி, புது ஒயர்த் துண்டு வைத்து ஈயம் பற்ற வைத்து, மேலே ஸ்லீவ் ஏற்றினார். நாற்பது நிமிடம். 350 ரூபாய். டீ என் செலவு.

இது நடந்து ஏழு மாதம். ஒரு நாள்கூட மின்னவில்லை.

நியாயமாகப் பார்த்தால் வண்டி மேல் தப்பே இல்லை. நானும் அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இன்னமும் தினமும் காலையில் சாவியைத் திருப்பும்போது கண் தானாக அந்தப் படத்துக்குப் போகிறது, அது அணையும்வரை மூச்சு விடுவதில்லை. அந்த ஒயரை இரண்டு அங்குலம் நீளமாக விட்டிருந்தால் எவன் டேக் போட்டாலும் அறுந்திருக்காது. வண்டியைச் செய்த கம்பெனிக்காரனுக்கு அதற்கு மனசு வரவில்லை. சாவியைத் தெரியவில்லை என்று தினம் சண்டை போட்ட வண்டியை நல்ல வண்டி என்று எப்படிச் சொல்வது? அதனால் கணக்கு டீச்சருக்கு என் பதில்: வாங்காதே. என் வண்டியையே கேட்காதே, அதைக் கொடுக்க மாட்டேன். எக்ஸ்சேஞ்சில் நல்ல விலைக்குக் கேட்டார்கள், முடியாது என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கேட்கமாட்டாய், வாங்கத்தான் போகிறாய் என்று தெரியும். பார்க்கப் போகும்போது விற்கிறவன் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவதை நம்பாதே. சீட்டையும் ஸ்டியரிங்கையும் உனக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டு நீயே பத்துத் தடவை சாவியைப் போட்டு எடு. பிறகு இரண்டு சாவியையும் கேள். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரன் இரண்டையும் கேட்பான். "இன்னொண்ணு எங்கயோ வெச்சிட்டேன், தேடித் தரேன்" என்று இழுத்தால், டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடு.