கிரிகுவா, குவாத்தமாலா: டார்ச்சோடு போகவேண்டிய இடம்

பிரமிடு உச்சியில் நின்று படமெடுக்கும் ஆசையோடு போனால், மாயா நாகரிகத்தின் பழைய நகரமான கிரிகுவா ஏமாற்றிவிடும். அக்ரோபோலிஸ் என்று ஒரு கட்டடத் தொகுதி உண்டு, சுமார்தான். சரக்கெல்லாம் ஸ்டெலா எனப்படும் கல்தூண்களில் இருக்கிறது. அந்த வகையில் பெரிய மாயா நகரங்களே இதனிடம் தோற்கும்.

கோபான் என்ற இன்னொரு மாயா நகரத்தின் அரசரை கி.பி. 738இல் பிடித்துத் தலையை வெட்டிய கிரிகுவா அரசர் காக் திலிவ் சான் யோபாத் எழுப்பியவை இவற்றில் முக்கியமானவை. 771ஐச் சேர்ந்த ஸ்டெலா ஈ (E), மண்ணில் புதைந்த பகுதியையும் சேர்த்து 10.6 மீட்டர், ஏறக்குறைய 65 டன். கெட்டியான மணற்கல் என்பதால் செதுக்கல் இன்னும் மழுங்கவில்லை.

ஆனால் அதைப் பார்ப்பதில்தான் சிக்கல். மழைக்காக ஒவ்வொரு தூணுக்கும் கூரை போட்டிருக்கிறார்கள். நண்பகலில் புல்வெளி கண்ணைக் கூசும், கூரையடி இருண்டு கிடக்கும், செதுக்கல் தட்டையாகத் தெரியும். நேரே ஃபிளாஷ் அடித்தால் இன்னும் மோசம். தடுப்புக்கு வெளியே நின்றபடி, கூட வந்தவரிடம் கூர்மையான ஒளி வீசும் டார்ச்சைக் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடிக்கச் சொல்லுங்கள். நிழல் விழுந்ததும் எழுத்துகள் புடைத்து நிற்கும். தூணின் மேற்பகுதிக்குப் பைனாகுலர் வேண்டும்.

முன்னும் பின்னும் அரசர் உருவம், எழுத்து பக்கவாட்டில். மேலே பெரிதாக இருப்பது தொடக்கக் குறி. அங்கிருந்து இரண்டிரண்டு பத்தியாக, இடமிருந்து வலம், மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். முதலில் வருவது தேதி: ஸ்டெலா ஈயில் மாயா நாள்காட்டிக் கணக்கில் 9.17.0.0.0, அதாவது அந்த 771. ஸ்டெலா டீயில் (D) எண்களே முழு உருவங்களாக உட்கார்ந்திருக்கும். அதற்கே அரை மணி நேரம் ஒதுக்கலாம். 795இன் விலங்குருவக் கல் P-யைச் சுற்றிவந்து பாருங்கள், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

தலைநகரிலிருந்து சிஏ-9 நெடுஞ்சாலையில் சுமார் 200 கி.மீ. லோஸ் அமாத்தேஸ் அருகே பிரிந்து, வாழைத் தோட்டங்கள் ஊடாக மூன்று நான்கு கி.மீ. உள்ளே போகவேண்டும். பேருந்தில் வந்தால் பிரிவில் இறங்கி டுக்டுக் பிடிக்கலாம். மோத்தாகுவா ஆற்றுச் சமவெளி என்பதால் புழுக்கமும் கொசுவும் அதிகம். முழுக்கைச் சட்டை கட்டாயம். மழை பெய்தால் புல்தரை சொதசொதவென்றாகிவிடும், செருப்பு உதவாது. ஏசி காரிலிருந்து எடுத்த கேமரா லென்ஸ் உடனே பனிக்கும். அரை மணி முன்பே பையை டிக்கியில் வைத்துவிடுங்கள். நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் போதும்.