லேசர் தூர சென்சாருடன் 14 மாதங்கள்

சென்ற வாரம் கேபிள் செயினுக்குள் வளைந்து வளைந்தே ஒரு கம்பி அறுந்துபோனதால், என் சிஎன்சி ரவுட்டரில் (கணினிக் கட்டளைப்படி பலகையைச் செதுக்கும் இயந்திரம்) பலகையின் மேற்பரப்பை அளக்கும் லேசர் தூர சென்சாருக்குப் புதிய கேபிள் போட நேர்ந்தது. அதே நாளில் நண்பர் ஒருவர், உலோகம் வெட்டும் தம் மில்லிங் இயந்திரத்துக்கும் இதுபோன்ற சென்சாரை வாங்கலாமா என்று கேட்டார்.

50 மி.மீ. அளவெல்லை கொண்ட இந்த சென்சாரின் தூரத்துக்கேற்ப 4–20 மில்லிஆம்பியருக்குள் மாறும் மின்னோட்ட வெளியீட்டை 500 ஓம் ரெசிஸ்டர் வழியாக 2–10 வோல்ட்டாக்கி, லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளில் ஓடும் கன்ட்ரோலரின் அனலாக் இன்புட்டில் கொடுத்திருக்கிறேன். இன்புட் கார்டு 12 பிட் (மின்னழுத்தத்தை 4,096 படிகளாகப் பிரிப்பது) என்பதால் ஒரு படி ஏறத்தாழ 15 மைக்ரான். சென்சார் அதைவிட நுட்பமாக அளந்தாலும் கன்ட்ரோலருக்கு அது தெரியாது. அந்தக் குறை என் தேர்வால் வந்தது.

எனக்குத் தீராத எரிச்சல் வேறு. விவரக் குறிப்பின் முதல் பக்கத்தில் வேகமும் துல்லியமும் அருகருகே அச்சாகியிருக்கின்றன. ஆனால் அந்தத் துல்லியம் 64 அளவீடுகளின் சராசரியை எடுத்தால்தான் கிடைக்கும் என்பது கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தில் இருக்கிறது. நொடிக்கு 1,000 அளவீடு என்றால், அந்தச் சராசரி உண்மை நிலையைவிட ஏறத்தாழ 32 மில்லி விநாடி பின்தங்கும். நிமிடத்துக்கு 300 மி.மீ. ஃபீடில் (நகரும் வேகத்தில்) இசட் அச்சு, அதாவது மேல்-கீழ் அச்சு, இறங்கும்போது அது 0.16 மி.மீ. பிழையாகி, பிளைவுட்டின் மேற்பரப்பு உள்ளதைவிடத் தாழ்வாகப் பதிவாகிறது. ஒரே ஃபீடில் பூஜ்யம் பிடித்து ஒரே ஃபீடில் அளந்தால் பிழை தானே கழிந்துவிடும். ஃபீடை மாற்றினாலோ பூஜ்யமும் நகரும். செதுக்கல் ஏன் சில நாட்களில் மட்டும் ஆழமாக விழுகிறது என்று புரியாமல் மூன்று வாரம் இசட் அச்சை நகர்த்தும் திருகான பால்ஸ்குருவைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். சராசரியை நிறுத்திப் பார்த்தபோது கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியின் மின் இரைச்சல் உள்ளே புகுந்தது. கேபிளின் உலோக உறையான ஷீல்டின் இரு முனைகளையும் எர்த் செய்திருந்த என் தவறைத் திருத்தி ஒரு முனையில் மட்டும் இணைத்த பிறகு பாதியளவு குறைந்ததே தவிர முழுவதும் போகவில்லை.

இப்போது இறங்கியபடி அளப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, ஜி4 கட்டளையால் 0.1 விநாடி காத்திருந்து, எம்66 மூலம் அனலாக் மதிப்பைப் படிக்கிறேன். எட்டுக்கு நாலு அடிப் பலகையின் நெளிவை இதனால் நம்பிக்கையோடு வரைய முடிகிறது, மெதுவாகத்தான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். கம்பி அறுந்த அந்த நொடியில் மின்னோட்டம் பூஜ்யமானது, 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழே போனால் நிற்குமாறு நான் அமைத்திருந்ததால் இயந்திரம் உடனே நின்றது. 0–10 வோல்ட் சென்சாராக இருந்தால் 0 வோல்ட்டும் ஓர் அளவாகவே எடுத்துக்கொள்ளப்பட்டு, ஒரு பலகையும் ஒரு கட்டரும் போயிருக்கும்.

லேசர் அளவைக் குழப்பும் பளபளக்கும் அலுமினியமும் கூலன்ட் தெறிப்புமாக வேலை செய்யும் நண்பருக்கு, வாங்காதீர்கள், டச் புரோப் (தொட்டு அளக்கும் கருவி) போதும் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உங்களுடையதைப் பாதி விலைக்குக் கொடுங்கள் என்றார். கொடுக்க மனம் வரவில்லை.