பைத்தான் வாடை இன்னும் லேசா அடிக்குது: ஒரு லைப்ரரியோட புது ரெஃபரன்ஸ் டாக் ரிவ்யூ

பைத்தான் மொழிலேர்ந்து கோலாங் (கோ) மொழிக்கு மாத்தி எழுதின, டெக்ஸ்ட்ல டேபிள் போட்டுத் தர்ற ஒரு லைப்ரரி (ரெடிமேட் கோட்), பேரு வேண்டாம், ஓப்பன் சோர்ஸ்ல சும்மா உழைக்கிறவங்களை பேர் சொல்லி திட்ட மனசு வரலை. ரெண்டு வருஷமா யூஸ் பண்றேன். கோட்ல பெருசா குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா டாக் (எப்படி யூஸ் பண்றதுன்னு சொல்ற டாக்குமென்டேஷன்) மட்டும் பைத்தான் டாக்கை அப்படியே தூக்கி ஒட்டினது. இப்போ புது ரிலீஸ்ல டாக் முழுக்க சுத்தம் பண்ணிட்டோம்னு போட்டிருந்தாங்க, சரி பாத்துடுவோம்னு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து மொத்தத்தையும் படிச்சேன்.

பழசு எப்படி இருந்துச்சுன்னா, பாதி ஃபங்ஷன்ல முதல் பாராமீட்டர் செல்ஃப்னு இருக்கும், தப்பான அகலம் கொடுத்தா வேல்யூ எர்ரர் ரெய்ஸ் ஆகும்னு இருக்கும், கோலாங்ல அந்த செல்ஃபும் கிடையாது, அப்படி ரெய்ஸ் ஆகற எக்செப்ஷனும் கிடையாது, எர்ரர் ரெண்டாவது ரிட்டர்ன் வேல்யூவா வரும். நடுவுல யாரோ ஒரு புண்ணியவான் ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு லிஸ்ட் எல்லாத்தையும் ஸ்லைஸ் ஆக்கி, டிக்ட் (பேர் சொன்னா மதிப்பு தர்ற பட்டியல்) எல்லாத்தையும் அதோட கோலாங் பேரான மேப் ஆக்கி, அதுல ஒரு உதாரணத்துல இருந்த பிளேலிஸ்ட் பிளேஸ்லைஸ் ஆயிடுச்சு 😂 ஆனா இதெல்லாம் பரவால்ல, பாத்த உடனே தப்புன்னு தெரிஞ்சுடும், யாரும் ஏமாற மாட்டாங்க. ரெண்டு மொழிலயும் சரியா படிக்க வர்ற வாக்கியம் இருக்கு பாருங்க, அதுதான் ஆளைக் கவுக்கும்.

என்னைக் கவுத்தது இது. "முதல் பத்து ரோவை ஸ்லைஸா தரும்"னு ஒரே ஒரு வரி. பைத்தான்ல ஒரு லிஸ்டை ஸ்லைஸ் பண்ணா புது லிஸ்ட் வரும், அதுல எந்த இடத்துல என்ன வச்சாலும் பழைய லிஸ்ட் அப்படியே இருக்கும். கோலாங்ல ஸ்லைஸ்ங்கிறது அதே அர்ரேயை பாக்கற ஜன்னல் மாதிரி. நான் ப்ரிவ்யூக்காக அந்த பத்து ரோவை எடுத்து, நீளமான பேரையெல்லாம் வெட்டி மூணு புள்ளி வச்சேன், ஃபைனல் ரிப்போர்ட்லயும் முதல் பத்து பேர் மட்டும் மூணு புள்ளியோட வந்து நிக்கறாங்க. அரை நாள் போச்சு. வரில தப்புன்னு ஒரு வார்த்தை காட்ட முடியாது, அதான் கடுப்பு. புது டாக்ல அந்த இடத்துல, இது ஒரிஜினல் டேபிளோட அதே மெமரி, மாத்தணும்னா காப்பி எடுத்துக்கோங்கன்னு தெளிவா போட்டிருக்காங்க. இதுக்கே ஒரு ஸ்டார் தரலாம்.

அடுத்தது டேபிளோட காலம் (column, நெடுவரிசை) அகலம். பழைய டாக் நீளம்னா எழுத்து எண்ணிக்கைன்னு சொல்லிட்டு போயிடுச்சு. எந்த எழுத்து? "தமிழ்"ங்கிற வார்த்தையை எடுங்க, கண்ணுக்கு 3 எழுத்து, பைத்தான்ல நீளம் கேக்கற லென் போட்டா 5 (இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியா எண்ணும்), கோலாங்ல ஸ்ட்ரிங்குக்கு லென் போட்டா 15, ஏன்னா அது எண்றது பைட்டு, யூடிஎஃப் 8ல அந்த அஞ்சு ஒவ்வொண்ணும் 3 பைட். இங்கிலீஷ் மட்டும் போட்டு டெஸ்ட் பண்றவங்களுக்கு மூணுமே ஒண்ணுதான், அதனால இத்தனை நாள் யாரும் கண்டுக்கலை. இப்போ கோடையும் ரூன் (அந்த அஞ்சு மாதிரி ஒவ்வொரு யூனிகோட் குறியும் ஒரு ரூன்) எண்ற மாதிரி மாத்தி, "இது ரூன் எண்ணிக்கை, ஸ்க்ரீன்ல தெரியற அகலம் இல்ல"ன்னும் எழுதிட்டாங்க. தமிழ் காலம் இன்னும் கோணலாதான் வருது, ஆனா ஏன் கோணல்னு டாக்கே சொல்லிடுது, அது போதும்.

சார்ட் ஸ்டேபிள்னு (சமமான ரோவெல்லாம் பழைய வரிசைலயே இருக்கும்னு) சொன்னது, மேப்ல போட்ட வரிசைலயே வரும்னு சொன்னது ரெண்டையும் தூக்கிட்டாங்க. பைத்தான்ல ரெண்டும் கியாரண்டி (டிக்ட் வரிசை 3.7லேர்ந்து), கோலாங்ல சாதா சார்ட் ஸ்லைஸுக்கு அது கிடையாது, மேப்போ ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேற வரிசை காட்டும். அகலம் கொடுக்கலேன்னா 80 எடுத்துக்கும்ங்கிற வரி மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. கோலாங்ல டிஃபால்ட் ஆர்க்யுமென்ட் ஏது? செட்டிங்கெல்லாம் போட்டு அனுப்பற ஆப்ஷன் ஸ்ட்ரக்ட்ல அதை விட்டா 0 போகுது, அப்போ 80னு எடுத்துக்குமா இல்ல நிஜமாவே 0 அகலமான்னு கோடை திறந்து பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன் (80தான், ஆனா 0 அகலம் கேக்க வழியே இல்ல, அதையும் சொல்லலை).

பெரிய மாற்றம்னா உதாரணங்களை எல்லாம் எக்ஸாம்பிள் ஃபங்ஷனா (டெஸ்டோட சேர்த்து ஓட்டிப் பாக்கக்கூடிய கோடா) மாத்தினது. நல்ல வேலை, கை தட்டலாம், ஆனா முழுசா செய்யல. அந்த ஃபங்ஷன் கடைசில அவுட்புட்னு கமென்ட் போட்டாதான் கோலாங்கோட டெஸ்ட் கமாண்டான கோ டெஸ்ட் அதை ஓட்டி விடையை ஒப்பிட்டுப் பாக்கும், இல்லேன்னா கம்பைல் ஆகுதான்னு மட்டும் பாத்துட்டு விட்டுடும். இவங்க பாதிக்கு மேல அந்த கமென்டே போடலை. அதனால பச்சை டிக் வருதுன்னு நம்பிடாதீங்க.

ரோவுக்கு மூணு கலர் மாத்தி மாத்தி வர்ற உதாரணம் ஒண்ணு அப்படித்தான் ஒளிஞ்சிருந்துச்சு. ஹெட்டருக்காக ரோ நம்பர்ல ஒண்ணு கழிச்சு, 3ஆல மாடுலோ எடுத்து கலரை எடுக்குது. ரோ நம்பர் 0லேர்ந்து ஆரம்பிக்கறதால முதல் ரோவுக்கு -1 வரும், பைத்தான்ல அதோட மாடுலோ 2, ஜம்முனு மூணாவது கலர். கோலாங்ல -1ஏதான், அதை இன்டெக்ஸா போட்டா பேனிக், புரோகிராம் அங்கேயே விழுந்துடும்.

இப்போதைக்கு அஞ்சுக்கு மூணரை தர்றேன். அந்த உதாரணத்துக்கு கீழ நான் அவுட்புட் கமென்ட் மட்டும் சேர்த்து அனுப்பிருக்கேன், வேற எதையும் தொடல, டெஸ்ட் செவப்பா நிக்குது. இனிமே அவங்க பாடு.